செப்டம்பரில் நியூசிலாந்து தென் தீவு, எட்டு நாள், கேம்பர்வேன்: முழு வட்டம் சாத்தியமா?

ஜூலை 2

வந்திருக்கும் கேள்வி: "செப்டம்பர் நடுவில் எட்டு நாள். இரண்டு பெரியவர்கள், ஆறு வயதுப் பையன். கிறைஸ்ட்சர்ச்சில் வேன் எடுத்து ஆர்தர்ஸ் பாஸ், மேற்குக் கரை, பனியாறுகள், ஹாஸ்ட், வனாக்கா, குவீன்ஸ்டவுன், மில்ஃபோர்ட், டெக்காப்போ, மறுபடி கிறைஸ்ட்சர்ச். மேப் 1800 கி.மீ.தான் காட்டுகிறது. சீசன் இல்லாததால் முன்பதிவு தேவையில்லை, எங்கே வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்கலாம், வசந்தம் வந்துவிட்டதால் பனியில் சறுக்காமல் டயரில் மாட்டும் செயினும் வேண்டாம் என்கிறார்கள். சரிதானே?"

சீசன் இல்லை என்பது மட்டும் ஓரளவு சரி. மற்றவை பெரும்பாலும் தவறு. ஒவ்வொன்றாக எழுதுகிறேன், இன்றைக்கு தூரம் மட்டும்.

1800ஐ எட்டால் வகுத்தால் 225. பார்க்கச் சாதுவான எண்தான். ஆனால் முதல் நாளும் கடைசி நாளும் கணக்கில் வராது. வேன் கையில் கிடைக்கப் பிற்பகல் ஆகிவிடும், சாமான் வாங்க இரண்டு மணி நேரம் போகும். திருப்பித் தரும் நாளில் பெரும்பாலான வாடகை டெப்போக்கள் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குள் வரச் சொல்கின்றன. மிச்சம் ஆறு நாள், நாளைக்கு 300 கி.மீ. நெடுஞ்சாலை வேக வரம்பு 100 என்று பலகை சொல்லும். மலைச்சாலையில், ஒற்றை வழிப் பாலங்களில், உயரமான வேனில், சராசரி 65ஐத் தாண்டாது. ஆக, தினமும் ஐந்து மணி நேரம் ஸ்டியரிங். செப்டம்பர் நடுவில் மாலை ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும். தண்ணீர் நிரப்புவது, கழிவு கொட்டுவது, சமைப்பது, படுக்கை விரிப்பது எல்லாம் அந்த வெளிச்சத்துக்குள்தான். பையன் பார்க்கப்போவது முன் கண்ணாடியையும் வைப்பரையும்.

ஜூலை 3

தூரத்தைவிடப் பெரிய சிக்கல், அந்த வட்டத்தின் அமைப்பு. மேற்குக் கரையிலிருந்து மலையைத் தாண்டிக் கிழக்கே வரக் கணவாய் (பாஸ்) மூன்றுதான்: லூயிஸ் பாஸ், ஆர்தர்ஸ் பாஸ், ஹாஸ்ட் பாஸ். பனியாறுகளைப் பார்த்துவிட்டுத் தெற்கே இறங்கும்போது ஹாஸ்ட் சாலை மண்சரிவில் அடைபட்டால், வந்த வழியே வடக்கே ஏறி ஆர்தர்ஸ் பாஸ் வழியாகத் தீவின் மறுபக்கம் வர வேண்டும். அதற்கே ஒன்றரை நாள்.

அப்படி அடைபட வாய்ப்பு உண்டா? வசந்தத்தில்தான் அதிகம். அந்தப் பருவத்தில் மேற்குக் காற்று ஓங்கி வீசும். டாஸ்மன் கடலின் ஈரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தென் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் மோதும். மலையின் மேற்கில் கொட்டித் தீர்க்கும், கிழக்கில் அதே காற்று காய்ந்து சூடாக இறங்கும். மில்ஃபோர்டின் ஆண்டு மழை 6500 மி.மீ.க்கு மேல். மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் டெக்காப்போவில் 600 மி.மீ. சுமார். மேற்கே மூன்று நாள் மழை என்று முன்னறிவிப்பு வந்தால், கிழக்கே பெரும்பாலும் வெயிலும் பலத்த காற்றும்.

அதனால் என் பரிந்துரை ஒன்றே: எட்டு நாளுக்குக் கிழக்குப் பக்கம் மட்டும். மேற்குக் கரைக்கு இன்னொரு முறை இரண்டு வாரம் ஒதுக்கி வாருங்கள்.

ஜூலை 5

வழி கேட்டதால்:

முதல் நாள் கிறைஸ்ட்சர்ச்சிலேயே தங்குங்கள். நீண்ட விமானப் பயணம் முடித்து இறங்கிய அன்றே பழக்கமில்லாத ஏழு மீட்டர் வண்டியை இருட்டில் ஓட்டுவது வேண்டாத வேலை. மின் இணைப்புள்ள இடத்தில் போட்டு, ஹீட்டர், பம்ப், அடுப்பு எல்லாம் ஓட்டிப் பாருங்கள். ஏதாவது வேலை செய்யவில்லையென்றால் காலையில் டெப்போ பக்கத்திலேயே இருக்கும்.

இரண்டாம் நாள் ஜெரால்டின், ஃபேர்லி, பர்க்ஸ் பாஸ் வழியாக டெக்காப்போ, சுமார் 225 கி.மீ. பர்க்ஸ் பாஸ் 709 மீட்டர்தான், ஏற்றம் மென்மையானது. டெக்காப்போவில் இரண்டு இரவு. நான்காம் நாள் புக்காக்கி ஏரிக்கரை வழியாக அவுராக்கி மவுண்ட் குக், 105 கி.மீ. அங்கேயும் இரண்டு இரவு. அதில் ஒரு நாளை எதற்கும் ஒதுக்காமல் விடுங்கள். மேகம் மூடினால் மலை தெரியாது, மறுநாள் திறக்கலாம். ஆறாம் நாள் ட்வைஸல், ஓமரமா, பிறகு 83ஆம் நெடுஞ்சாலையில் வைட்டாக்கி ஆற்றோடு இறங்கி ஓமரு, 210 கி.மீ. சொச்சம். பென்மோர், அவியமோர் அணைகள் வழிக்குப் பக்கத்திலேயே. ஏழாம் நாள் மொயராக்கி உருண்டைப் பாறைகள், திரும்ப ஓமரு. எட்டாம் நாள் கிறைஸ்ட்சர்ச், 247 கி.மீ.

மொத்தம் 950 கி.மீ. அளவில். உங்கள் வட்டத்தில் பாதி.

ஜூலை 6

"டெக்காப்போவில் ஊதா நிற லூபின் பூக்கள் இருக்குமல்லவா, படம் எடுக்க வேண்டும்" என்று ஒருவர். இருக்காது. அவை நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரை. செப்டம்பரில் அந்தக் கரையில் பழுப்புப் புல்லும் மலைமேல் பனியும்தான். விளம்பரப் படங்களில் பூவும் பனியும் ஒரே சட்டத்தில் இருப்பது படமெடுத்தவரின் பொறுமை. பூ வேண்டுமென்றால் கிறைஸ்ட்சர்ச் ஹாக்லி பூங்காவில் அந்த மாதம் டாஃபடிலும் செர்ரியும் உண்டு.

ஜூலை 8

வேன் தேர்வு. படுக்கை எத்தனை என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். பார்க்க வேண்டியவை வேறு.

முதலில் பையனின் இருக்கை. நியூசிலாந்தில் ஏழு வயது நிறையும்வரை அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கை கட்டாயம். பின்பக்கம் முன்னோக்கிய இருக்கையும், தோள்பட்டை பெல்ட்டும், இருக்கையைப் பின்னால் கட்ட ஒரு கொக்கியும் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல மூன்று படுக்கை வேன்களில் மூன்றாவது இருக்கை முன்வரிசை நடுவில், இடுப்பு பெல்ட் மட்டும். நான்கு படுக்கை வேனில்கூடப் பக்கவாட்டு இருக்கைகள் உண்டு. அவற்றில் குழந்தை இருக்கை பொருத்தக் கூடாது.

அடுத்து கழிவறை. 2023இல் வந்த சட்டப்படி, இலவச முகாம்களில் தூங்கத் தேவைப்படும் 'தன்னிறைவு வண்டி' (தண்ணீரும் கழிவும் தன்னுள்ளேயே அடங்கிய வண்டி) என்ற சான்று வேண்டுமானால் கழிவறை வண்டியோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்து வெளியே எடுக்கிற கையடக்கக் கழிவறை இனி செல்லாது. படுக்கை விரித்திருக்கும்போதும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பது விதி. சான்று பெற்ற வண்டியில் பச்சை அட்டை ஒட்டியிருக்கும், எத்தனை பேருக்கு என்றும் அதில் இருக்கும். இரண்டு பேருக்கான அட்டையை வைத்துக்கொண்டு மூன்று பேர் தூங்கினால் அட்டை இருந்தும் பயனில்லை. பழைய நீல அட்டையைக் காட்டி வாடகைக்கு விட்டால் அந்த இடத்திலேயே வெளியே வாருங்கள். வாடகை வண்டிகளுக்கு அதன் காலம் 2024 டிசம்பரிலேயே முடிந்தது.

தண்ணீர்க் கணக்கு ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாள். இது சட்டத்தின் குறைந்தபட்சம். பாத்திரம் கழுவி முகம் கழுவினால் மூன்று பேருக்கு நாளைக்கு 25 லிட்டர் ஆகும். 40 லிட்டர் டேங்க் உள்ள சின்ன வேன் இரண்டாம் நாளே குழாயைத் தேடும்.

மூன்றாவது ஹீட்டர். அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

ஜூலை 11

ஹீட்டர் என்று விளம்பரத்தில் இருந்தால் எது என்று கேளுங்கள். மூன்று வகை உண்டு. எஞ்சின் ஓடும்போது மட்டும் சூடு தரும் சாதாரண கார் ஹீட்டர், அது தூங்கும்போது உதவாது. மின் இணைப்பில் மட்டும் ஓடும் ஃபேன் ஹீட்டர். டீசலில் ஓடும் தனி ஹீட்டர். செப்டம்பரில் டெக்காப்போ, மவுண்ட் குக் பகுதியில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவது சாதாரணம், எனவே மூன்றாவது வகையைத்தான் கேட்க வேண்டும்.

டீசல் ஹீட்டரின் குணங்கள்:

பற்றவைக்கும்போது இரண்டு மூன்று நிமிடம் 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். பிறகு ஒன்றரை ஆம்பியர் அளவில் அமைதியாகிவிடும். பேட்டரி தளர்ந்திருந்தால் அந்த முதல் இரண்டு நிமிடத்தில்தான் மின்னழுத்தம் விழுந்து, பிழைக் குறி காட்டி நின்றுவிடும். அதனால் நடு இரவில் குளிர்ந்த பிறகு போடாதீர்கள். எஞ்சினை நிறுத்தியவுடன், பேட்டரி நிறைந்திருக்கும்போது போட்டு, குறைந்த சூட்டில் இரவு முழுதும் ஓட விடுங்கள்.

டீசலை வண்டியின் டேங்க்கிலிருந்தே எடுக்கும். ஆனால் அதன் குழாய் அடிவரை போகாது. முள் கால் பங்குக்குக் கீழே வந்தால் எஞ்சின் ஓடும், ஹீட்டர் ஓடாது. "ஹீட்டர் கெட்டுவிட்டது" என்று நள்ளிரவில் உதவி எண்ணை அழைப்பவர்களில் கணிசமானோருக்கு டேங்க்கை நிரப்பினால் போதும். அரை டேங்க்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள், மலைப் பகுதியில் அது வேறு காரணத்துக்காகவும் நல்லது.

நிறுத்தும்போது ஹீட்டரின் சொந்தப் பொத்தானில் நிறுத்துங்கள். அது சில நிமிடம் விசிறியை ஓட்டித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். மெயின் சுவிட்சை அணைத்தால் உள்ளே கரி படியும், அடுத்த முறை பற்றாது.

பேட்டரிக் கணக்கு: 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (ஈய-அமில வகை) பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். பிரிட்ஜ் நாளைக்கு 30 முதல் 40, ஹீட்டர் ஓர் இரவுக்கு 12 முதல் 15, விளக்கு, பம்ப், போன் சேர்த்து 8. கூட்டினால் 50ஐத் தொட்டுவிடும். அதாவது மின் இணைப்பு இல்லாமல், வண்டியை நகர்த்தாமல், ஓர் இரவு. இரண்டாம் இரவு சந்தேகம். கூரையில் 100 வாட் சோலார் இருந்தால் செப்டம்பர் வெயிலில் நல்ல நாளில் 20 ஆம்பியர்-மணி தரலாம், மேகமென்றால் அதில் மூன்றில் ஒன்று. லித்தியம் பேட்டரி என்றால் இந்தக் கணக்கே வேறு, முக்கால் பங்குக்கு மேல் எடுக்கலாம்.

ஆகவே மவுண்ட் குக்கில் இரண்டு இரவும் ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமில் நிற்கும் எண்ணத்தை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். அங்கே மின்சாரம் கிடையாது. ஒரு இரவு அங்கே, மறு இரவு கீழே கிளென்டானரில் மின் இணைப்போடு என்பது பொருத்தம்.

ஜூலை 12

அடுப்பை எரியவிட்டு வேனைச் சூடேற்றலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. கண்டறியும் கருவி வேனில் இருக்கிறதா, பொத்தானை அழுத்தினால் சத்தம் வருகிறதா என்று வண்டி எடுக்கும்போதே பாருங்கள்.

மலிவு வேன்களில் கொடுக்கும் சின்ன டின் காஸ் அடுப்பு பற்றியும் ஒரு வார்த்தை. அதில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். பூஜ்யம் டிகிரி அளவிலேயே அது ஆவியாக மறுக்கும். காலையில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்காது. டின்னை இரவில் வேனுக்குள் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். புரொப்பேன் கலந்த பெரிய சிலிண்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரிவரை ஆவியாகும்.

ஜூலை 13

மின் இணைப்புள்ள இடம் என்றால் கவலையில்லை என்று எண்ண வேண்டாம். இணைப்பு 16 ஆம்பியர், 230 வோல்ட், ஆக 3700 வாட்டுக்கும் சற்றுக் கீழே. 2000 வாட் ஃபேன் ஹீட்டரும் 2000 வாட் கெட்டிலும் சேர்ந்து ஓடினால் ட்ரிப் ஆகும். அலுவலகம் மூடிய பிறகு கம்பத்துப் பெட்டியைத் திறக்க ஆள் இருக்காது. கேபிளை முழுதாகப் பிரித்துப் போடுங்கள். சுருளாகவே விட்டால் அதிகச் சுமையில் சூடாகி உருகும்.

உள்ளே நீர் படிவது அடுத்தது. மூன்று பேர் மூச்சில் ஓர் இரவுக்கு அரை லிட்டருக்கு மேல் நீர் கண்ணாடியிலும் மெத்தைக்கு அடியிலும் இறங்கும். குளிர்கிறதே என்று எல்லாவற்றையும் மூடுவதால் இன்னும் மோசமாகும். கூரைத் திறப்பை ஒரு விரல் அகலம் திறந்து ஹீட்டரை ஓட விடுங்கள். காலையில் மெத்தையைத் தூக்கி நிறுத்துங்கள்.

ஜூலை 17

செயின். கிழக்குப் பக்கம் மட்டும் போனாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்களின் உயரம் தெரிந்தால் ஏன் என்று புரியும்: ஹாஸ்ட் 560 மீட்டர் அளவு, பர்க்ஸ் 709, ஆர்தர்ஸ் 920, போர்ட்டர்ஸ் 939, லிண்டிஸ் 971, வனாக்காவுக்கும் குவீன்ஸ்டவுனுக்கும் இடையிலுள்ள கிரவுன் ரேஞ்ச் ஆயிரத்துக்கு மேல். ஆர்தர்ஸ் பாஸைப் பற்றியே எல்லோரும் பயப்படுகிறார்கள். அதே சாலையில் அதற்கு முன்னால் வரும் போர்ட்டர்ஸ் அதைவிட உயரம். ஓமரமாவிலிருந்து வனாக்கா போகும் ஆசை வந்தால் லிண்டிஸைத் தாண்டியாக வேண்டும். செப்டம்பரில் அங்கே பனி விழுவது அதிசயம் அல்ல. மில்ஃபோர்ட் சாலையில் மே முதல் நவம்பர் வரை பலகை வைத்திருக்கும் நாட்களில் செயின் எடுத்துச் செல்வது கட்டாயம், பயன்படுத்தத் தெரிந்திருப்பதும்.

மாட்டும் முறை: முதலில் எந்தச் சக்கரம் ஓட்டும் சக்கரம் என்று டெப்போவில் கேளுங்கள். டொயோட்டா ஹையேஸ், மெர்சிடிஸ் ஸ்ப்ரின்டர் வகைக்குப் பெரும்பாலும் பின்சக்கரம். ஃபியட் டுக்காட்டோ வகைக்கு முன்சக்கரம். தவறான ஜோடியில் மாட்டினால் அழகாக இருக்கும், நகராது. சாலையோரச் செயின் தளத்தில், சமதரையில், சிக்கிக்கொள்வதற்கு முன்பே மாட்டுங்கள். கைப்பிரேக் இழுத்து, விபத்து விளக்குகளைப் போட்டு, செயினைத் தரையில் விரித்து முறுக்கு இல்லாமல் பாருங்கள். உள்பக்கக் கொக்கியை முதலில், வெளிப்பக்கத்தை அடுத்து, கடைசியில் இழுப்பானை. நூறு மீட்டர் ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், தளர்ந்த செயின் பிரேக் குழாயை அடிக்கும். 40 கி.மீ.க்கு மேல் வேண்டாம். தார் தெரிந்ததும் கழற்றுங்கள். ரப்பர் கையுறை, தலைவிளக்கு, மண்டியிட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு மூன்றும் செயின் பையிலேயே இருக்கட்டும்.

முதல் நாள் கிறைஸ்ட்சர்ச் தங்குமிடத்தில் காய்ந்த தரையில் ஒரு முறை மாட்டிப் பழகுங்கள். வாடகைக்கு எடுத்த செயின் வேறு டயர் அளவுக்கானது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

செயினை மிஞ்சிய தற்காப்பு, காலை பத்து மணிக்கு முன் மலைச்சாலையில் ஏறாமலிருப்பது. நிழல் வளைவிலும் பாலங்களிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் அதற்குள் பெரும்பாலும் இளகிவிடும்.

ஜூலை 18

மலைப்பகுதியில் கியா கிளிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். ஆர்தர்ஸ் பாஸ், மில்ஃபோர்ட் சாலையின் ஹோமர் சுரங்க வாசல் போன்ற இடங்களில் நிறுத்தினால் வைப்பர் ரப்பர், கதவு ரப்பர், ஏரியல் எல்லாம் அவற்றின் விளையாட்டுச் சாமான். ரப்பர் சேதத்துக்கு இன்சூரன்ஸ் தராது. உணவு போடாதீர்கள், கதவைத் திறந்துவிட்டுப் போகாதீர்கள்.

ஜூலை 24

எங்கே தூங்குவது. "எங்கும் நிறுத்தலாம்" என்பது பழைய காலத்துக் கதை. இலவச முகாம் ஒவ்வொரு மாவட்ட மன்றத்தின் விதிப்படி. மன்ற நிலங்களில் பெரும்பாலும் பச்சை அட்டை வண்டிக்கு மட்டும், சில இடங்களில் இத்தனை வண்டி, இத்தனை இரவு என்று வரம்பு, சில இடங்களில் முழுத் தடை. அபராதம் நூற்றுக்கணக்கான நியூசிலாந்து டாலர். வாடகை நிறுவனம் அதை உங்கள் கடன் அட்டையில் கழித்து, தன் நிர்வாகக் கட்டணத்தையும் சேர்க்கும். இருட்டிய பிறகு பலகை கண்ணில் படாது, எனவே வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள். கேம்பர்மேட் செயலியில் முகாம்களும் கழிவு கொட்டும் இடங்களும் வரைபடத்தில் இருக்கும். ஆனால் செயலியும் பலகையும் முரண்பட்டால் பலகை சொல்வதே சட்டம்.

டிஓசி எனப்படும் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்கள் அடுத்த நிலை: கழிப்பறை உண்டு, மின்சாரம் பெரும்பாலும் இல்லை. உறைபனி மாதங்களில் சில முகாம்களில் குழாய்த் தண்ணீரை அடைத்து வைத்திருப்பார்கள், டேங்க்கை நிரப்பிக்கொண்டே போங்கள். ஏரிக்கரை முகாம்களில் சில அக்டோபருக்குப் பிறகே திறக்கும்.

ஹாலிடே பார்க் என்ற கட்டண இடங்களில் மின் இணைப்போடு இரண்டு பேருக்குச் சுமார் 50 முதல் 70 டாலர். வெந்நீர்க் குளியல், பெரிய சமையலறை, துணி காயவைக்கும் இயந்திரம். குழந்தையோடு போனால் குறைந்தது ஒன்று விட்டு ஒரு இரவு இங்கே. டெக்காப்போவுக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள். மற்ற இடங்களில் செப்டம்பர் நடுவில் அன்று காலை போன் செய்தால் போதும். மாதக் கடைசியில் போகிறவர்களுக்கு இது பொருந்தாது: அப்போது பள்ளி விடுமுறை இரண்டு வாரம் தொடங்கும், பனிச்சறுக்குக் கூட்டமும் இருக்கும். செப்டம்பர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும், விமான நேரத்தைச் சரிபாருங்கள்.

ஜூலை 25

பணம். டீசல் பம்பில் பெட்ரோலைவிட மலிவாக இருப்பதைப் பார்த்து மகிழ வேண்டாம். பெட்ரோல் விலைக்குள் சாலை வரி அடக்கம். டீசல் வண்டிக்கு அது தனியாக, ஓடிய தூரத்துக்கு. 2024இல் 3.5 டன்வரையான வண்டிக்கு 1000 கி.மீ.க்கு 76 டாலர். வாடகை நிறுவனம் ஓடோமீட்டரைப் பார்த்துத் திருப்பித் தரும்போது வசூலிக்கும், தன் பங்கையும் கூட்டியிருக்கலாம். 950 கி.மீ.க்கு 70, 80 டாலர் ஒதுக்கி வைத்தால் போதும்; 1800 கி.மீ. வட்டத்துக்கு இரட்டிப்பு.

இன்சூரன்ஸ் தாளில் 'முழுப் பாதுகாப்பு' என்று போட்டிருந்தாலும் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். கூரை, வண்டியின் அடிப்பகுதி, தவறான எரிபொருள், சாவி, தண்ணீர் டேங்க்கில் டீசல் ஊற்றுவது (நடக்கிறது) ஆகியவை அடிக்கடி வெளியே இருக்கும். தடைசெய்த சாலைகளும் அப்படியே: குவீன்ஸ்டவுனின் ஸ்கிப்பர்ஸ் சாலை, மவுண்ட் குக்கின் பால் ஹட் சாலை போன்றவற்றில் போனால் காப்பீடே இல்லை. கிரவுன் ரேஞ்சைக் குளிர்மாதங்களில் தடுக்கும் ஒப்பந்தங்களும் உண்டு.

காற்றும் இந்தப் பட்டியலில்தான் சேரும். வடமேற்குக் காற்று வீசும் நாளில் கதவைத் திறந்தால் கையிலிருந்து பிடுங்கி முன்பக்கமாக மடித்துவிடும், கீல் வளைந்த கதவு அதன்பின் மூடாது. அந்தச் செலவு பல ஒப்பந்தங்களில் உங்களுடையது. வண்டியின் மூக்கு காற்றைப் பார்க்க நிறுத்துங்கள், ஒரு நேரத்தில் ஒரு கதவு, கையால் பிடித்தபடி. கேன்டர்பரி சமவெளியிலும் புக்காக்கிக் கரையிலும் உயரமான வண்டிகளுக்குக் காற்று எச்சரிக்கை வந்தால் அன்று நகராதீர்கள். மவுண்ட் குக்கில் ஒரு நாளைச் சும்மா விடச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

ஆகஸ்ட் 3

கேள்வி கேட்டவருக்கு மில்ஃபோர்டைக் கைவிட மனமில்லையாம். அப்படியென்றால் வேனை ஒரு வழியாக எடுங்கள்: கிறைஸ்ட்சர்ச்சில் எடுத்து குவீன்ஸ்டவுனில் விடுவது. ஓமருவை வெட்டிவிட்டு, மவுண்ட் குக்கிலிருந்து லிண்டிஸ் வழியாகக் குவீன்ஸ்டவுன், அங்கிருந்து தே அனாவ். கிரவுன் ரேஞ்சை விடுங்கள், குரோம்வெல் வழி தாழ்வானது. தே அனாவிலிருந்து மில்ஃபோர்டுக்கு 118 கி.மீ., அதைப் பேருந்தில் போங்கள். பனிச்சரிவுப் பகுதியில் நிறுத்தத் தடை, மேலே இலவச முகாமும் தடை, மழைநாளில் இருட்டிய பின் திரும்ப வேண்டிவரும். சாலை மூடினால் பேருந்து நிறுவனம் பணத்தைத் திருப்பும் அல்லது நாளை மாற்றும். வேனில் போனால் இழப்பு உங்களுடையது.

இருந்தாலும் என் ஓட்டு கிழக்குக்கே.

ஆகஸ்ட் 4

ஜூலை 5 வழியில் ஒரு திருத்தம். ஏழாம் இரவை ஓமருவிலிருந்து நகர்த்துங்கள். கடைசி நாளில் 247 கி.மீ. ஓட்டி, டேங்க் காலி செய்து, டீசல் நிரப்பி, மூன்று மணிக்குள் சேர்வது இறுக்கம். ஆறாம் நாள் மாலையே ஓமருவில் நீலப் பெங்குவின்களைப் பார்த்துவிடலாம். அவை இருட்டிய பிறகே கரையேறும். துறைமுகப் பக்கம் நிறுத்தியிருந்தால் வண்டியை எடுக்கும் முன் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், சக்கரத்துக்குப் பின்னால் ஒன்று நிற்கக்கூடும். ஏழாம் நாள் மொயராக்கி, அதை அலை இறங்கும் நேரத்துக்கு வையுங்கள், ஏற்றத்தில் பாறைகள் பாதி மூழ்கியிருக்கும். பிறகு வடக்கே டிமாரு அல்லது ஆஷ்பர்ட்டனில் இரவு. கடைசி நாளுக்கு நூற்றைம்பது கி.மீ. அளவே மிச்சம்.

ஆகஸ்ட் 10

கேள்விகள் சேர்ந்துவிட்டன, சுருக்கமாக.

உரிமம்: ஆங்கிலத்தில் இருந்தால் போதும், இல்லையென்றால் சர்வதேச அனுமதி அல்லது அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு. வாகனம் இடப்பக்கம்தான். 3500 கிலோவுக்கு மேற்பட்ட எடைச் சான்று உள்ள வண்டிக்கு வரம்பு 100 அல்ல, 90.

விசா: இந்தியக் கடவுச்சீட்டுக்கு வருகையாளர் விசா, இப்போதே விண்ணப்பித்திருக்க வேண்டும். மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டுக்கு மின்னணு அனுமதி போதும், 72 மணி நேரம்வரை எடுக்கலாம். சுற்றுலா வரி 2024 அக்டோபரிலிருந்து 100 டாலர்.

சுங்கம்: உணவு எதுவானாலும் வருகைப் படிவத்தில் 'உண்டு' என்று குறியுங்கள். குறித்தால் அதிகபட்சம் எடுத்துப் போட்டுவிடுவார்கள். மறைத்தால் அங்கேயே 400 டாலர். தேனும் விதையும் வேண்டவே வேண்டாம். நடைக் காலணியின் அடியில் மண் இல்லாமல் தேய்த்துக் கழுவிக் கொண்டுபோங்கள், அதையும் பார்ப்பார்கள்.

ஒற்றை வழிப் பாலம்: சிவப்பு வட்டப் பலகையில் உங்கள் திசை அம்பு சின்னதாக இருந்தால் நீங்கள் நிற்க வேண்டும். நீலப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு என்றால் உங்களுக்கு முன்னுரிமை, இருந்தாலும் எதிரே பார்த்துவிட்டு இறங்குங்கள்.

ஆகஸ்ட் 29

வண்டி எடுக்கும் அன்று, ஊழியர் பக்கத்தில் இருக்கும்போதே: கூரையைச் சுற்றி வீடியோ. ஓடோமீட்டர் படம். பச்சை அட்டையின் தேதியும் ஆள் எண்ணிக்கையும். ஹீட்டரைப் போட்டு பத்து நிமிடம், சூடு வருகிறதா என்று. பம்ப் ஓடி நிற்கிறதா. நிற்காமல் விட்டு விட்டுத் துடித்தால் எங்கோ கசிவு. கழிவறைப் பெட்டியை நீங்களே ஒரு முறை கழற்றி மாட்டுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மூன்றாம் நாள் வெட்கப்படுவதைவிட நல்லது. செயின் அளவு டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா. டீசலா பெட்ரோலா என்று எரிபொருள் மூடியிலேயே படித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்கில் குழாயின் நிறத்தை நம்பாதீர்கள், எழுத்தை நம்புங்கள்.

செப்டம்பர் 9

கிளம்புகிறார்கள். நியூசிலாந்தின் வானிலை நிறுவனமான மெட்சர்வீஸின் மலைப்பகுதி முன்னறிவிப்பை முந்தைய மாலை ஒரு முறை, போக்குவரத்துத் துறையின் சாலை நிலவரப் பக்கத்தை காலையில் ஒரு முறை. இரண்டையும் ஊரில் சிக்னல் இருக்கும்போதே திறந்து படம் பிடித்து வையுங்கள். முன்னறிவிப்பில் "தெற்குக் காற்று மாற்றம்" என்று வந்தால் அதற்குப் பிந்தைய பன்னிரண்டு மணி நேரத்தில் பனிக்கோடு தாழ இறங்கும். மவுண்ட் குக்கிலிருந்து இறங்க வேண்டியவர்கள் அதற்கு முன்பே இறங்க வேண்டும்.

உறைபனி இரவில் தண்ணீர்க் குழாயைக் கம்பத்திலிருந்து கழற்றி, வடித்து, உள்ளே வையுங்கள். காலையில் பனிக்கட்டி நிறைந்த ஹோஸை யாராலும் சுருட்ட முடியாது.

திருப்பித் தரும்போது கழிவறைப் பெட்டியும் கழிவுநீர் டேங்க்கும் காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தனிக் கட்டணம். டெப்போவுக்குப் பக்கத்தில் உள்ள பொதுக் கொட்டுமிடத்தில் கடைசி நாள் காலையில் வரிசை நிற்கும். முந்தைய இரவு தங்கிய இடத்திலேயே கொட்டிவிட்டுக் கிளம்புங்கள்.